வேல்ஸ் மலைகளில் ஒரு சனி, ஞாயிறு: உச்சிக்கு எந்த நாள், அருவிக்கு எந்த நாள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: பிரிஸ்டலிலிருந்து இரண்டு குடும்பங்கள், அக்டோபர் கடைசி வார இறுதி. 7 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள். ஊரிலிருந்து வந்திருக்கும் 66 வயது அப்பா. சனிக்கிழமை காலை பென் அ வான் உச்சி, பிற்பகல் நான்கு அருவிகள், ஞாயிற்றுக்கிழமை வடக்கே போய் ஸ்னோடன். இது நடக்குமா? அருவியில் குளிக்கலாமா?

நடக்காது. குளிக்கவும் வேண்டாம். ஆனால் வருத்தப்படாதீர்கள். அந்தத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்துவிட்டு மீதியை இரண்டு நாளுக்கும் சரியாகப் பிரித்தால், அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகும் சொல்லிக்கொண்டிருப்பது போன்ற ஒரு வார இறுதியாக அது அமையும்.

வெட்ட வேண்டியது ஸ்னோடனை. இப்போது அதன் வெல்ஷ் பெயரான இர் வித்வா என்பதையே தேசியப் பூங்கா நிர்வாகம் பயன்படுத்துகிறது. 2022 நவம்பரில் அப்படி முடிவு செய்தார்கள். 1,085 மீட்டர், வேல்ஸிலேயே உயரமானது. ஆனால் அது வட வேல்ஸில் இருக்கிறது. தென் வேல்ஸ் மலைகளிலிருந்து அங்கே போக வளைந்து வளைந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் ஒரு சாண் தூரம்தான் தெரியும். அந்தச் சாணுக்குள் எத்தனை பள்ளத்தாக்கு என்பது பின் இருக்கையில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குத்தான் தெரியும். அதைத் தனியாக இன்னொரு வார இறுதிக்கு வையுங்கள்.

மிச்சமிருப்பவை இரண்டும் தெற்கே, ஒரே தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. 1957இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்காவை நெடுங்காலமாக பிரெக்கன் பீக்கன்ஸ் என்று அழைத்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து பன்னை பிரஹைனியோக் என்ற வெல்ஷ் பெயரையே பூங்கா நிர்வாகம் பயன்படுத்துகிறது. பிரஹன் என்ற பழங்கால அரசனின் நாட்டு மலைமுகடுகள் என்று பொருள். சாலைப் பலகைகளில் பெயர் மாறி இருந்தால் வழி தவறிவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வழி கேட்கும்போது இதில்தான் சிக்குவீர்கள். வெல்ஷ் மொழியில் எஃப் என்ற எழுத்தை 'வ' என்று படிக்க வேண்டும். 'ஃப' வேண்டுமென்றால் இரண்டு எஃப் போடுவார்கள். டபிள்யூ அவர்களுக்குப் பல இடங்களில் உயிரெழுத்து, 'ஊ'. அதனால் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல் 'கூம்', தென் வேல்ஸில் அருவிக்கு 'ஸ்கூட்'. எல்லோரும் பென் ஒய் ஃபேன் என்று எழுத்துக்கூட்டிப் படிப்பதை ஊர்க்காரர்கள் பென் அ வான் என்கிறார்கள். இரட்டை எல் வந்தால் நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊத வேண்டும். ழகரத்தைப் பிறர் உச்சரிக்கத் திணறும்போது உள்ளூரச் சிரித்துக்கொள்ளும் நமக்கு அது நல்ல தண்டனை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எந்த நாள் மலை, எந்த நாள் அருவி என்பதை வெள்ளிக்கிழமை இரவு வரை முடிவு செய்யாதீர்கள். பிரிட்டனின் வானிலைத் துறை இந்த மலைகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. கார்டிஃப் நகரத்துக்கான முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு மலைக்குப் போவது, கோயம்புத்தூர் வெயிலைப் பார்த்துவிட்டு ஸ்வெட்டர் இல்லாமல் ஊட்டிக்குப் போவது போன்றது. அதில் மூன்றை மட்டும் பாருங்கள்: மேகத்தின் அடிமட்டம் எத்தனை மீட்டரில் இருக்கும், உச்சியில் காற்று எவ்வளவு, மழை எப்போது. மேகம் 700 மீட்டருக்குக் கீழே இறங்கும் என்றிருந்தால் உச்சியில் நீங்கள் பார்க்கப்போவது உங்கள் கையை மட்டுமே. காற்று மணிக்கு 40 மைலைத் தொடும் என்றால் 7 வயதுப் பிள்ளையை மேலே கூட்டிப்போகாதீர்கள். இரண்டு நாளில் எது தெளிவாக இருக்கிறதோ அது மலைக்கு. மேகம் மூடிய நாள், தூறல் நாள் அருவிக்கு. அருவிப் பாதை காட்டுக்குள், பள்ளத்தாக்கின் அடியில் போகிறது; மேகம் அதை ஒன்றும் செய்யாது. முந்திய நாள் பெய்த மழை அருவிக்குக் கூடுதல் அழகு. கனமழை எச்சரிக்கை இருந்தால் மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு விடுதியில் சீட்டு விளையாடுங்கள்.

நீங்கள் சொன்ன வார இறுதியில் இன்னொரு பொறி இருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அதிகாலையில் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளப்படுகிறது. சனிக்கிழமை 6 மணிக்குச் சற்று முன்பு மறையும் சூரியன், ஞாயிற்றுக்கிழமை 5 மணிக்கு முன்பே மறைந்துவிடும். காட்டுப் பள்ளத்தாக்கில் அதற்கும் அரை மணி நேரம் முன்பாகவே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாலும் 3 மணிக்குத் திரும்பும் வழியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு தலைவிளக்கும் பையில் இருக்கட்டும். கைப்பேசி வெளிச்சம் கணக்கில் வராது. அதன் மின்சாரம் அவசர அழைப்புக்கு வேண்டும்.

மலை நாள்

பென் அ வான் 886 மீட்டர். எண்ணைக் கேட்டால் நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டு அலட்சியம் வரும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே கடலை கொறித்துக்கொண்டு நடக்கவில்லையா என்று தோன்றும். ஆனால் இங்கே உச்சியில் மரம் கிடையாது, கடை கிடையாது, ஒதுங்க ஒரு கூரை கிடையாது. அட்லாண்டிக் கடலிலிருந்து கிளம்பும் காற்று முட்டிக்கொள்ளும் முதல் சுவர்களில் இதுவும் ஒன்று. 150 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. காரை நிறுத்திய இடத்தில் 9 டிகிரி என்றால் உச்சியில் 6. அதில் காற்று சேரும்போது உடம்பு உணர்வது பூஜ்யத்துக்குப் பக்கம்.

எளிய வழி ஏ470 சாலையோரம் பாண்ட் ஆர் டாவ் என்ற இடத்தில் தொடங்குகிறது. டாவ் ஆற்றின் மேலுள்ள பாலம் என்று பொருள். கார்டிஃப் நகரத்துக்குள் ஓடும் ஆறு இங்கேதான் ஓடையாகப் பிறக்கிறது. கட்டணக் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் சீக்கிரமே நிரம்பிவிடும். எட்டரைக்குள் அங்கே இருங்கள். இடமில்லை என்று நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினால் அபராதம் வீடு தேடி வரும். கார் வேண்டாம் என்றால் கார்டிஃபிலிருந்து மெர்த்தர் வழியாக பிரெக்கன் போகும் டி4 பஸ், பக்கத்திலுள்ள ஸ்டோரி ஆர்ம்ஸில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர். எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அதன்படி உங்களுக்கு 1 மணி 20 நிமிடம். அது திடகாத்திரமான ஆளுக்கு. பிள்ளைகள், புகைப்படங்கள், 'இன்னும் எவ்வளவு தூரம்' ஆகியவற்றையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள். போய்வர, மேலே சாப்பிட, நான்கு மணி நேரம்.

இயற்கையையும் பழைய சின்னங்களையும் காக்கும் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) கல் பாவி வைத்திருக்கும் அகலமான பாதை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போகலாம் போலிருக்கும். வெயில் நாளில் அது உண்மைதான். நான் இங்கே வந்த முதல் ஆண்டு, இதே பாதையில் நண்பர்கள் இருவரோடு ஏறினேன். ஜீன்ஸ், பருத்திச் சட்டை, கைப்பேசியில் வரைபடம். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெளிச்சம். இறங்கத் தொடங்கியதும் மேற்கிலிருந்து மூடுபனி வந்து, ஐந்து நிமிடத்தில் முன்னால் போனவனின் முதுகு மட்டும் தெரிந்தது. பூல்க் டிவின்ட் என்ற கணவாயில் வலப்புறம் திரும்பி இறங்க வேண்டும். நாங்கள் திரும்பவில்லை, மேட்டின் மேலேயே தெற்கு நோக்கி நேராக நடந்துவிட்டோம். குளிரில் கைப்பேசி அணைந்துபோயிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் பனி சற்று விலகியபோது இடப்புறம் கீழே ஒரு பள்ளத்தாக்கு தெரிந்தது. சாலையும் இல்லை, காரும் இல்லை. அது நாங்கள் காரை நிறுத்திய பெரிய டாவ் அல்ல, மேட்டின் மறுபக்கம் ஓடும் சின்ன டாவ் ஆற்றின் பள்ளத்தாக்கு. திரும்ப ஏறி வந்து சேர்ந்தபோது நனைந்த ஜீன்ஸ் தொடையில் பலகைபோல் விறைத்திருந்தது. ஒருவன் பேச்சுக் குழற ஆரம்பித்திருந்தான். காரில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

அதிலிருந்து இரண்டு பழக்கங்கள். பருத்தியை மலைக்குக் கொண்டுபோவதில்லை. நம் வெயிலுக்கு வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அந்தக் குணமே இங்கே உடம்புச் சூட்டைக் குடித்துவிடுகிறது. உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி, மேலே ஒரு ஃப்ளீஸ், அதன்மேல் உண்மையிலேயே மழை தாங்கும் கோட்டு. இரண்டாவது, காகித வரைபடம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்12 என்ற தாளில் பென் அ வானும் அருவிப் பகுதியும் இரண்டுமே வந்துவிடுகின்றன. ஒரு திசைகாட்டியும் வாங்கி, வீட்டு மொட்டை மாடியிலோ பூங்காவிலோ ஒரு மாலை பழகிக்கொள்ளுங்கள். மலைமேல் போய்ப் பழகுவதற்கு அது சமையல் குறிப்பு அல்ல.

பென் அ வானுக்குச் சற்று முன்னால் கார்ன் டீ, 873 மீட்டர். இரண்டும் மேசைபோல் தட்டையான தலையுடையவை. தெற்கிலிருந்து ஏறும்போது சாதுவான புல்மேடு. வடக்கு விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால் சட்டென்று செங்குத்தாக அறுந்து விழும். பனியுகத்தில் பனியாறுகள் குடைந்தெடுத்த முகம் அது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடமும் அதுதான். உச்சியில் இருக்கும் கற்குவியலை வெறும் கல் என்று நினைத்து மிதிக்காதீர்கள். அது வெண்கலக் காலத்துப் புதைமேடு. சிவந்த பாறைப் பலகைகளைக் குனிந்து பாருங்கள், சிலவற்றில் அலை அலையான வரிகள் தெரியும். ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று மணலில் நீர் போட்ட கோலம் கல்லாகிக் கிடக்கிறது. 11 வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

இறங்கும்போது நேரமும் வெளிச்சமும் இருந்தால் ஸ்டோரி ஆர்ம்ஸ் பக்கம் இறங்கும் பாதையை எடுங்கள். அதிலிருந்து சற்று வடக்கே, கூம் லூக் பள்ளத்தாக்கின் விளிம்பில், ஒரு சிறிய நினைவுத் தூண் நிற்கிறது. 1900 ஆகஸ்ட் 4 அன்று மாலை, டாமி ஜோன்ஸ் என்ற 5 வயதுச் சிறுவன் தன் தந்தையோடு பிரெக்கன் ரயில் நிலையத்திலிருந்து தாத்தா பாட்டியின் பண்ணைக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தான். தந்தை சுரங்கத் தொழிலாளி. பண்ணைக்கு அருகில் வந்த பிறகு, எதிரே வந்த உறவுக்காரப் பையனோடு சேர்ந்து முன்னால் போனவன், இருட்டில் அழுதுகொண்டு தந்தையிடமே திரும்பி ஓடினான். தந்தையிடம் வந்து சேரவில்லை. 29 நாள் தேடினார்கள். எல்லோரும் கீழே, ஓடையிலும் புதரிலும் தேடினார்கள். அந்தச் சின்னக் கால்கள் இவ்வளவு உயரம் ஏறியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. செப்டம்பர் 2 அன்று உடல் கிடைத்த இடத்தில் அந்தத் தூண். அதில் வயது '5' என்று வெட்டியிருப்பதைப் படித்துவிட்டு, என்னோடு வந்த ஒருவர் தன் மகனின் மழைக்கோட்டுப் பொத்தானைக் காரணமில்லாமல் சரி செய்துகொண்டிருந்தார்.

மேலே சாப்பிடப் புளியோதரை கொண்டுபோகலாம். ஆறிப்போனாலும் ருசிக்கும் ஒரே சோறு அது. தயிர்ச்சோறு வேண்டாம், அந்தக் குளிரில் அது தொண்டைக்குள் இறங்கும்போதே வருந்துவீர்கள். சூடான தேநீர் ஒரு பிளாஸ்க் நிறைய, சர்க்கரை தாராளமாக. கையுறையைக் கழற்றாமல் எடுத்துத் தின்னக்கூடிய கடலைமிட்டாய் ஆளுக்கு நான்கு.

அருவி நாள்

மலையைவிட அருவிப் பாதைதான் எனக்குப் பயம். எல்லோரும் தலைகீழாக நினைக்கிறார்கள். மலைக்குப் போகும்போது பூட்ஸ், பை, விசில் எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், 'இன்று அருவிதானே' என்று ரப்பர் செருப்போடு இறங்குகிறார்கள். வேர், சேறு, பாசி பிடித்த சுண்ணாம்புக்கல், அதன்மேல் அக்டோபர் மாத இலைச் சருகு. பாதைக்கு ஒரு பக்கம் பல இடங்களில் சரிவு. கணுக்கால் முறிந்தால் அங்கிருந்து தூக்குப்படுக்கையில் மேலே ஏற்ற எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று நினைத்துப் பாருங்கள். முதல் நாள் போட்ட பூட்ஸ்தான் இரண்டாம் நாளும்.

இந்தப் பகுதியை அருவிகளின் நாடு என்றே அழைக்கிறார்கள். அஸ்ட்ராட்வெல்ட்டே என்ற சிற்றூருக்கும் பாண்ட்நெத்வெகனுக்கும் இடையே மெல்ட்டே, ஹெப்ஸ்டே, நெத், பர்தின் ஆகிய ஆறுகள் சில கிலோமீட்டருக்குள் இத்தனை தடவை விழுவதற்குக் காரணம் பாறை. கெட்டியான மணற்கல் அடுக்கும் மென்மையான களிப்பாறை அடுக்கும் மாறி மாறி இருக்கின்றன. நிலப்பிளவுகள் அவற்றை மேலும் கீழுமாக நகர்த்தி வைத்திருக்கின்றன. கெட்டிப் பாறையிலிருந்து ஆறு மென்பாறைக்கு வரும் இடத்தில் அடியை அரித்துக்கொண்டு விழுகிறது.

நான்கு அருவிப் பாதைக்கு கூம் பார்த் அல்லது க்வைன் ஹெப்ஸ்டே கார் நிறுத்துமிடத்திலிருந்து தொடங்கலாம். சுற்றி வர 8 கிலோமீட்டரை ஒட்டி வரும். உங்கள் கூட்டத்துக்கு நான்கு மணி நேரம். வண்ணப் பட்டை பூசிய கம்பங்கள் வழி காட்டும். மெல்ட்டே ஆற்றில் மூன்று: முதலில் ஸ்கூட் கிளீன் க்வின், அடுத்து அதன் கீழருவி, பிறகு ஸ்கூட் அ பன்னூர். பன்னூர் என்றால் கம்பளித் துணியை அலசித் துவைத்துக் கெட்டிப்படுத்துகிறவர். நம் ஊர் வண்ணார் துறை மாதிரி ஒரு பெயர். நான்காவது, ஹெப்ஸ்டே ஆற்றின் ஸ்கூட் அர் எய்ரா, பனி அருவி. நேரம் போதாவிட்டால் நடுவில் உள்ளவற்றை விட்டுவிட்டு இதற்கு மட்டும் போங்கள். இதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். சத்தம் முதலில் வரும், பிறகு முகத்தில் ஈரம், பிறகுதான் அருவி. ஆற்றின் முழு அகலத்துக்கும் ஒரே திரையாக விழுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் பாறை உள்வாங்கி, ஒரு திண்ணைபோல் இருக்கிறது. அதன் வழியாக ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடக்கலாம். முன்பு ஆட்டிடையர்கள் மந்தையை இப்படித்தான் ஆற்றைக் கடத்திக் கூட்டிப்போனார்களாம். உள்ளே நின்று சுவரைத் தொட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் கூரையாக நீட்டிக்கொண்டிருப்பது மணற்கல். கை படும் சுவர் கருநிறக் களிப்பாறை, விரலால் நெம்பினால் பாக்குச் சீவல்போல் உதிரும். கீழ்ப்பாறை இப்படி உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போகப்போக மேல்பாறை தாங்க முடியாமல் ஒருநாள் உடைந்து விழும், அருவி இன்னும் கொஞ்சம் பின்னால் நகரும். நீங்கள் நிற்பது அந்த வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில். அதனால் பின்பாதை மூடப்பட்டிருப்பதாக அறிவிப்புப் பலகை இருந்தால் விவாதம் வேண்டாம். திறந்திருந்தாலும் ஆறு பெருகி ஓடும் நாளில் வெளியிலிருந்தே பாருங்கள்.

குளிப்பது பற்றி. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற பழக்கத்தில் கேட்கிறீர்கள், புரிகிறது. அக்டோபர் கடைசியில் இந்தத் தண்ணீர் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். அதில் திடீரென்று உடம்பு முழுகினால் மூச்சு தன்னையறியாமல் உள்ளே இழுக்கும். அந்த முதல் இழுப்பு தண்ணீருக்குள் நடந்துவிட்டால் நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவார். சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது. போதாக்குறைக்கு, மழைக்குப் பிறகு மேலிருந்து கட்டையும் கல்லும் சேர்ந்து விழும். கோடையில் ஸ்கூட் அ பன்னூரின் குளத்தில் நிறையப் பேர் இறங்குவதைப் பார்க்கலாம். அப்பாவுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் ஜூலையில் இன்னொரு முறை வரவழையுங்கள். இப்போதைக்கு திரைக்குப் பின்னால் போய் வந்தாலே தலை நனைந்துவிடும், குளித்த கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

கூம் பார்த்தில் தொடங்கினால் காருக்குப் பக்கத்திலேயே பார்த் அர் ஓகோவ் குகை இருக்கிறது. மெல்ட்டே ஆறு அப்படியே அதன் வாய்க்குள் நுழைந்து மறைகிறது. இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு சேர்ந்து கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1840களில் நெத் ஊரில் நில அளவையாளராக இருந்தார். அந்த நாட்களில், திறந்தவெளியில் படுப்பது எப்படியிருக்கும் என்று பார்க்க, தன் சகோதரரோடு இந்தக் குகையில் ஓர் இரவைக் கழித்திருக்கிறார். நீங்கள் வாசலோடு நின்றுகொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் எழும்புவது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். ஆறு மறுபடி வெளிவரும் குளத்தில் உயிர்கள் போயிருக்கின்றன.

இப்போது அப்பாவைப் பற்றி. அவர் தினமும் நடப்பவரா என்று நீங்கள் சொல்லவில்லை. முழங்கால் வலி இல்லாதவர் என்றால் பென் அ வானுக்குத் தாராளமாக வரலாம், நிதானமாக. ஆனால் ஸ்கூட் அர் எய்ராவின் படிகள் முழங்காலுக்கு மலையைவிடக் கொடுமை, அதுவும் ஈரத்தில். அவருக்காக நான் வேறு ஒன்று வைத்திருக்கிறேன். பாண்ட்நெத்வெகனில் ஏஞ்சல் என்ற பழைய மதுவிடுதிக்குப் பக்கத்திலிருந்து நெத் ஆற்றோரமாக ஒரு பாதை போகிறது. ஒரு வழி 2 கிலோமீட்டர் சொச்சம், பெரும்பாலும் சமம். முடிவில் ஸ்கூட் குவ்லாடிஸ். அரைவட்ட அரங்கம்போல் வளைந்த பாறை, நடுவில் ஒற்றையாக விழும் நீர், சுற்றிலும் ஓக் மரம். மற்ற நான்கில் நிற்கும் கூட்டத்தில் பாதிகூட இங்கே இருக்காது. ஒரு குடும்பம் பெரிய பிள்ளையோடு நான்கு அருவிக்கும், இன்னொன்று சின்னப் பிள்ளை, அப்பாவோடு இங்கேயும் போகலாம். என்னைக் கேட்டால், முதல் தடவைக்கு எல்லோருமே இங்கே வந்துவிடலாம்.

அந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வேறு சங்கதிகளும் உண்டு. இன்று காடாகத் தெரிகிற இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் தொழிற்சாலை. மெல்ட்டே ஓரமாக 1857 முதல் 1931 வரை வெடிமருந்து ஆலை ஓடியது. தண்ணீர் விசை கிடைத்தது, வெடித்தால் சுற்றிலும் ஆளில்லை, இரண்டும் வசதி. டினாஸ் பாறையிலிருந்து வெட்டிய சிலிக்காக் கல்லில் உலைகளுக்கான செங்கல் செய்தார்கள். அது உலகெங்கும் போய், ரஷ்ய மொழியில் அந்த வகைச் செங்கல்லுக்கே 'டினாஸ்' என்று பெயராகிவிட்டது.

கால் வலிக்கிறது, மழை நிற்கவில்லை, ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கோல்பிரென் ஊர்ப்பக்கம் ஹென்ரிட் அருவி. 27 மீட்டர், தென் வேல்ஸில் இதுதான் உயரம். இறக்கம் செங்குத்து, ஆனால் குறைந்த தூரம். பேட்மேன் படமொன்றில் அவருடைய குகைக்கு வாசலாக வந்தது இந்த அருவிதான் என்று பிள்ளைகளிடம் சொன்னால் மறுபேச்சில்லாமல் இறங்குவார்கள்.

வடக்கே போகும் வார இறுதிக்கு இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: கடற்கரைப் பக்கம் ஆபர் அருவி, எல்லையோரம் பிஸ்டிஸ்ல் ரஹையாடர். பின்னது 70 மீட்டருக்கு மேல். கார் ஏறக்குறைய அடிவாரம் வரை போகும். அதற்குக் கீழேயுள்ள ஊரில் பாதிரியாராக இருந்தபோதுதான் வில்லியம் மோர்கன் பைபிளை வெல்ஷில் மொழிபெயர்த்து 1588இல் வெளியிட்டார். இன்று சாலைப் பலகையில் நம்மைத் திணறடிக்கும் மொழி எழுத்தில் நிலைத்ததற்கு அவர் பெரிய காரணம்.

ஏதாவது ஆகிவிட்டால்: 999, போலீஸ் என்று கேளுங்கள், பிறகு மலை மீட்பு என்று சொல்லுங்கள். நேராக மலை மீட்பு என்று கேட்டால் கிடைக்காது. குறுஞ்செய்தி மூலமும் 999ஐ அழைக்கலாம். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமையே செய்துவிடுங்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் அழைப்பு போகாது, ஆனால் குறுஞ்செய்தி சில நேரம் போய்ச் சேர்ந்துவிடும். விசில் என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வருகிறவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள், சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வருகிறவர்கள். பணம் கேட்க மாட்டார்கள். அதற்காக 'வழி தெரியவில்லை, அழைத்துப் போங்கள்' என்று மதியம் 2 மணிக்கு அழைக்காதீர்கள். உண்மையில் ஆபத்து என்றால் கூச்சப்பட்டுத் தாமதிக்கவும் வேண்டாம்.

பூட்ஸை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். மாலையில் கடைக்குப் போங்கள், நாள் முழுதும் நடந்த கால் சற்று உப்பியிருக்கும். தடித்த காலுறை போட்டுக்கொண்டு, சரிவுப் பலகை வைத்திருக்கும் கடையில் அதன்மேல் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் முன்னால் இடித்தால் அடுத்த அளவு. பிறகு அப்பாவை அதைப் போட்டுக்கொண்டு தினமும் பாலுக்கும் ரொட்டிக்கும் கடைக்கு அனுப்புங்கள். புது பூட்ஸின் முதல் நடை மலையில் இருக்கக்கூடாது.